நண்பரின் கேம் இசை ரீமிக்ஸ்: குறையை எப்படிச் சொல்வது?

கேள்வி: நானும் கல்லூரிக் காலத்து நண்பர்கள் சிலரும் பழைய வீடியோ கேம் இசையில் பெரும் ஈடுபாடு உடையவர்கள். அவர்களில் ஒருவர் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விளையாட்டில் நீருக்கடியில் வரும் இசையை ரீமிக்ஸ் செய்து அனுப்பி, ஒளிவுமறைவு இல்லாமல் கருத்துச் சொல்லும்படி கேட்டார். கேட்கக் கேட்கத் தோன்றிய 14 குறைகளை எண் போட்டு எழுதி அனுப்பினேன். ‘நன்றி’ என்று ஒரு சொல் வந்தது. அதற்குப் பிறகு மூன்று மாதங்களாக அவர் எதையும் அனுப்பவில்லை. எனக்கு முறையான இசைப் பயிற்சியும் கிடையாது. எங்கே தவறினேன், இனி எப்படிச் சொல்ல வேண்டும்?

பதில்: உங்கள் பட்டியலையும் நண்பரின் ரீமிக்ஸையும் இணைத்து அனுப்பியது நல்லதாயிற்று. இரண்டையும் அருகருகே வைத்துக் கேட்டுப் படித்தேன். உங்கள் காது நல்ல காது. எழுதியவற்றில் பெரும்பாலானவை உண்மை. ஆனால் கிக் டிரம்மின் ஓசை மெலிந்திருப்பதும், பாட்டின் தாளக்கட்டே தடுமாறுவதும் அந்தப் பட்டியலில் ஒரே எடையோடு, அடுத்தடுத்த எண்களாக நிற்கின்றன. பதினான்கையும் ஒன்றாகப் பெறுகிறவருக்கு எதிலிருந்து தொடங்குவது என்று விளங்காது. வேலை முடிந்து வந்து இரவில் ஒரு மணி நேரம் இதற்கென ஒதுக்குகிறவர், அந்தக் கோப்பைத் திறக்கவே தயங்குவார்.

முதலில் செய்திருக்க வேண்டியது, மூல இசையை மறுபடி கேட்பது. அது நினைவில் இருக்கிறது என்று நம்பிக் கருத்துச் சொல்வதுதான் இந்தத் துறையில் நான் அடிக்கடி காணும் பிழை. கோஜி கோண்டோ 1985-இல் நின்டெண்டோவின் ஃபேமிகாம் கேம் கருவிக்காக அந்த இசையை அமைத்தபோது, அதன் ஒலிச் சிப்பில் அவர் பயன்படுத்தியவை மெட்டுக்கு இரண்டு துடிப்பு அலைகள், பெரும்பாலும் பேஸுக்கு, அதாவது அடிச்சுரத்துக்கு, பயன்படும் ஒரு முக்கோண அலை, தாளத்துக்கு ஓர் இரைச்சல் தடம் ஆகியவையே. நீருக்கடி இசையை அவர் வால்ட்ஸாக அமைத்தார். அதாவது ஒரு சுற்றுக்கு மூன்று எண்ணிக்கை. தரையில் ஓடும்போது ஒலிக்கும் முதன்மை இசை நான்கு எண்ணிக்கையில் நடக்க, இது மூன்றில் மிதக்கிறது. நீந்தும் உணர்வு அந்த மூன்றிலிருந்துதான் வருகிறது.

உங்கள் நண்பர் அதை, எண்பதுகளின் சின்தசைசர் ஒலியைத் தழுவும் சின்த்வேவ் பாணிக்குக் கொண்டுவந்திருக்கிறார். அந்தப் பாணி நான்கு எண்ணிக்கையில் நடப்பது. நம் வழக்கில் சொன்னால், திஸ்ரத்தில் பிறந்த மெட்டைச் சதுஸ்ரத்தில் உட்கார வைத்திருக்கிறார். முயற்சி துணிச்சலானது, எனக்குப் பிடித்தும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் ஓர் எண்ணிக்கை மிஞ்சுகிறது. அதை நிரப்ப அவர் கடைசிச் சுரத்தை நீட்டிவிட்டார். அதனால் மெட்டு ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் காலில் எதுவோ சிக்கியதுபோல் நின்று நின்று போகிறது. இதை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்: ஒன்பதாம் எண்ணில், ‘மெட்டு கொஞ்சம் இழுவையாக இருக்கிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். பாட்டின் முதற்குறை அதுதான். மற்ற பதின்மூன்றையும் விட்டுவிட்டு இது ஒன்றையே இடத்தோடும் காரணத்தோடும் எழுதியிருந்தால், அவருக்கு ஒரு வார வேலை கிடைத்திருக்கும்.

வழியையும் காட்டலாமா என்றால், காட்டலாம். ஆனால் கட்டளையாகச் சொல்லாமல் தேர்வுகளாக முன்வைப்பது நல்லது. மிஞ்சும் நான்காம் எண்ணிக்கையில் வேறொரு கருவி மறுமொழி சொல்லலாம். அல்லது மெட்டை மூன்றிலேயே ஓடவிட்டு டிரம்ஸை நான்கில் அடிக்கலாம். 12 எண்ணிக்கைக்கு ஒருமுறை இரண்டும் சேர்ந்து விழும் அந்த இடம், நம் கச்சேரிகளில் தனி ஆவர்த்தனம் கேட்டுப் பழகிய காதுக்குப் பெரிய நிறைவைத் தரும். எதைத் தேர்வது என்பது அவர் பாடு.

ஆகவே வரிசை இதுதான்: முதலில் இசையமைப்பு, பிறகு கருவிகளின் நடை, கடைசியில் மிக்ஸிங், அதாவது தடங்களைச் சமன்படுத்திக் கலப்பது. மெட்டின் அமைப்பு நாளை மாறப்போகிறது என்றால், இன்று ஈக்யூவை, அதாவது அடியொலி, மேலொலிகளின் அளவை, திருத்தச் சொல்வது இடிக்கப்போகும் சுவருக்கு வண்ணம் அடிக்கச் சொல்வதாகும். இசையமைப்பைப் பற்றி ஒரு கேள்வியை எப்போதும் கேட்டுப் பாருங்கள்: மூலம் அடையாளம் தெரிகிறதா, அதே சமயம் இவருடைய கை தெரிகிறதா? 1999 முதல் இயங்கிவரும் ‘ஓவர்க்ளாக்ட் ரீமிக்ஸ்’ என்ற கேம் இசை ரீமிக்ஸ் இணையதளம் தனக்கு வரும் படைப்புகளை நடுவர்களைக் கொண்டு தேர்ந்தெடுக்கிறது. மூலம் அடையாளம் காணும்படி இருக்க வேண்டும் என்பதும், ஒலியை மட்டும் புதுப்பித்த நகலாக இருக்கக் கூடாது என்பதும் அங்கே விதிகள். உங்கள் நண்பரின் பாட்டு இரண்டாவதை எளிதில் தாண்டிவிடுகிறது. அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

கருவிகளின் நடையில் ஒன்று. அவருடைய பியானோவில் எல்லாச் சுரங்களும் ஒரே அழுத்தத்தில் விழுகின்றன. பழைய கேம் இசையின் சுரங்களைக் குறிப்புகளாகச் சேமித்த மிடி கோப்பிலிருந்து தொடங்குகிறவர்களிடம் இது அடிக்கடி நேர்வது. ஃபேமிகாமின் முக்கோண அலைக்கு ஒலியளவைக் கூட்டவோ குறைக்கவோ வழியே கிடையாது. ஒலிக்கும், அல்லது நிற்கும். சிப்பின் குரலில் அந்தத் தட்டைத்தன்மை அழகு. அதையே பியானோவுக்கு மாற்றினால் இயந்திரம் தட்டுவதுபோல் இருக்கும். ‘பியானோ செயற்கையாக இருக்கிறது’ என்று நீங்கள் எழுதியது உண்மை. ஆனால் அதைப் படித்தவர் வேறு பியானோ ஒலியைத் தேடிப் போவார். ‘வெலாசிட்டி (சுர அழுத்த) மதிப்புகளைப் பாருங்கள், சுற்றின் முதல் சுரம் சற்று அழுத்தமாகவும் அடுத்த இரண்டு மென்மையாகவும் இருந்தால் எப்படி இருக்கும்’ என்று எழுதினால், பத்து நிமிடத்தில் தானே கேட்டுப் பார்த்துவிடுவார்.

இசைப் பயிற்சி இல்லையே என்ற உங்கள் தயக்கத்துக்கு வருகிறேன். காரணம் தெரியாவிட்டால் காரணம் சொல்லாதீர்கள். கேட்டதை மட்டும் நேரத்தோடு சொல்லுங்கள். ‘மிக்ஸ் சரியில்லை’ என்பதால் அவருக்குப் பயனில்லை. ‘1:12-இல் பேஸ் நுழைந்ததும் கிக் எனக்குக் கேட்கவில்லை, ஹெட்போனிலும் கேட்டேன், போன் ஸ்பீக்கரிலும் கேட்டேன்’ என்பது, எந்த ஒலிப்பொறியாளரும் நன்றியோடு ஏற்றுக்கொள்ளும் குறிப்பு. கிக்கும் பேஸும் 50 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான அதே பகுதியில் மோதுகின்றன என்பதை அவரே கண்டுபிடித்துக்கொள்வார். கேட்ட கருவியையும் குறிப்பிடுவது முக்கியம், ஏனெனில் போனின் சிறிய ஸ்பீக்கரில் அந்த அடியொலி அநேகமாக வரவே வராது. அதை வைத்து மட்டும் பேஸ் குறைவு என்று சொல்லிவிட்டால் அவர் வீணாகக் கூட்டிவிடுவார். வேறு பாட்டோடு ஒப்பிடுவதாக இருந்தால் இரண்டின் ஒலியளவையும் சமமாக்கிக்கொள்ளுங்கள். சத்தம் கூடியது எதுவும் சிறந்ததாகவே நம் காதுக்குப் படும்.

பாராட்டுக்கும் இதே விதிதான். ‘சூப்பர்’ என்பதை வைத்து அவர் எதுவும் செய்ய முடியாது. தொடக்கத்தின் 20 விநாடிகளில் ஒலி முழுவதும் நீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் மங்கி, ஃபில்டர் மெல்லத் திறக்கத் திறக்க மெட்டு மேலே வருகிறதே, அந்த இடம் எனக்கு மயிர்க்கூச்செறியச் செய்தது. உங்கள் பட்டியலில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எது நன்றாக இருக்கிறது என்று தெரியாதவர், மற்றவற்றைத் திருத்தும் வேகத்தில் அதையும் கெடுத்துவிடக்கூடும்.

பதினொன்றாம் எண்ணில் ‘எண்பதுகளின் சின்த் ஒலி சலிப்பாக இருக்கிறது’ என்கிறீர்கள். அது உங்கள் ரசனை. அவர் தேர்ந்த பாணியே அதுதான். ரசனையைச் சொல்வதில் பிழையில்லை, ரசனை என்று பெயரிட்டுச் சொல்லுங்கள். முடிவில் ஒலி தேய்ந்து மறைவதைக் குறை சொன்னதும் அப்படித்தான். விளையாட்டு நடக்கும்வரை சுழன்றுகொண்டே இருப்பதற்காக எழுதப்பட்ட இசைக்கு முடிவு கிடையாது. ரீமிக்ஸ் செய்கிறவர் அதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அது கடினமான வேலை, அடுத்த சுற்றுக்கு விட்டுவைக்கலாம்.

மூன்று மாதங்கள் ஆகிவிட்டனவே என்று தயங்க வேண்டாம். இந்த வாரமே எழுதுங்கள். நான் எழுதுவதானால் இப்படி எழுதுவேன்: ‘உன் ரீமிக்ஸை மறுபடி கேட்டேன். அன்று ஒரு பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டேன், மன்னித்துக்கொள். தொடக்கத்தில் நீருக்குள்ளிருந்து மெட்டு எழுந்து வருவதை மட்டும் தொடாதே, அது அவ்வளவு நன்றாக இருக்கிறது. 0:24 முதல் ஒவ்வொரு சுற்றின் கடைசியிலும் மெட்டு நின்றுபோவதுபோல் எனக்குக் கேட்கிறது; மூன்றை நான்காக்கியதால் இருக்குமோ? நீ வேண்டுமென்றே செய்தாயா, அல்லது வேறு வழி ஏதாவது யோசித்தாயா?’ அவ்வளவு போதும். கடைசியில் உள்ள அந்தக் கேள்விக்கு அவர் என்ன பதில் சொல்கிறார் என்பதைப் பொறுத்தே அடுத்த கருத்து அமைய வேண்டும். வேண்டுமென்றே செய்தேன் என்பாரானால், அந்த நிறுத்தம் இன்னும் துலங்கும்படி செய்வதைப் பற்றிப் பேசலாம்.

புதிய வடிவம் வந்தால், முன்பு நீங்கள் சுட்டிக்காட்டிய இடத்தை முதலில் கேளுங்கள். நீங்கள் சொன்னதற்கு நேர்மாறாகச் செய்து, அது நன்றாகவும் அமைந்திருந்தால், அதை அவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.