ஒரு கதை சொல்லி ஒரு பெரிய நிறுவனத்தை மாற்ற முடியுமா?

முடியும். உலக வங்கியில் நடந்ததையே பாருங்கள். கடன் கொடுப்பதோடு நிற்காமல், தன்னிடமுள்ள அறிவையும் வங்கி உலகத்தோடு பகிர வேண்டும் என்று ஸ்டீபன் டென்னிங் என்ற அதிகாரி 1996இல் வாதாடினார். படம், அட்டவணை எதுவும் எடுபடவில்லை. அப்புறம் ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்ல ஆரம்பித்தார்: 1995 ஜூனில் ஜாம்பியாவின் கமானா என்ற சிற்றூரில் ஒரு சுகாதாரப் பணியாளர், மலேரியா சிகிச்சை பற்றிய கேள்விக்கு அமெரிக்க நோய்த்தடுப்பு மையத்தின் இணையதளத்தில் விடை கண்டார். வறுமை ஒழிப்பையே வேலையாகக் கொண்ட உலக வங்கி அதில் எங்குமே இல்லை! சம்பவம் உண்மையானது, சுருக்கமானது. அதுதான் அதன் பலம் என்பேன். ‘நாம் அங்கே இருந்திருந்தால்?’ என்று, கதையைக் கேட்டவர்கள் தாங்களே யோசிக்கத் தொடங்கினார்கள். 1996 அக்டோபரில் வங்கித் தலைவர் ஜேம்ஸ் உல்ஃபன்சன் அறிவைப் பகிர்வதையே வங்கியின் இலக்காக அறிவித்தார்.