கிரேக்கத்தில் மணி சொல்லும்போது

கேள்வி: நவீன கிரேக்கம் கற்கிறேன். எண்கள் மனப்பாடம், ஆனால் மணி சொன்னால் மட்டும் திருத்துகிறார்கள். ஏன்?

பதில்: எண்ணும்போது சொல்லும் வடிவத்தையே மணிக்கும் சொல்லியிருப்பீர்கள். மணியைக் குறிக்கும் 'ஓரா' பெண்பால் சொல். (ஜோதிடத்தில் வரும் 'ஓரை'க்கும் இதுதான் மூலம்.) அதனால் எண்ணும்போது 'ஏனா, த்ரீயா, தேஸெரா' என்பவை மணிக்கு 'மீயா, த்ரீஸ், தேஸெரிஸ்' ஆகிவிடும். பன்னிரண்டுக்குள் மாறுபவை இந்த மூன்று மட்டுமே. 'மூன்று மணிக்கு' என்றால் 'ஸ்திஸ் த்ரீஸ்'. ஒரு மணிக்கு மட்டும் ஒருமை: 'ஸ்தி மீயா'.

தமிழர்களுக்கு இதைவிடப் பெரிய தடுமாற்றம் முக்காலில்தான். கடந்துபோன மணியோடு சேர்த்து 'மூன்றே முக்கால்' என்பது நம் வழக்கம். கிரேக்கத்தில் அரை தாண்டிவிட்டால் வரப்போகும் மணியிலிருந்து கழிக்க வேண்டும். 3.15 'த்ரீஸ் கெ தேத்தர்த்தோ', 3.30 'த்ரீஸ் கெ மிஸீ'. ஆனால் 3.45 'தேஸெரிஸ் பரா தேத்தர்த்தோ', அதாவது நாலுக்குக் கால் மணி குறைவு. 'கெ' கூட்டும், 'பரா' கழிக்கும். யாராவது நேரம் சொல்லும்போது முதலில் இந்த இரண்டில் எது வருகிறது என்று கவனியுங்கள். 'பரா'வை 'கெ' என்று கேட்டுவிட்டால் 3.45 உங்களுக்கு 4.15 ஆகிவிடும், அரை மணி தாமதமாகப் போய் நிற்பீர்கள்.

கடைகளின் நேரப் பலகையிலும் ஒரு பொறி உண்டு. கிரேக்க எழுத்தில் 'பீ, மீ' என்று இருந்தால் அது 'ப்ரோ மெஸிம்வ்ரீயாஸ்', நண்பகலுக்கு முன். ஆங்கிலப் பழக்கத்தில் அதைப் 'பி.எம்.' என்று படித்து மாலையில் போகாதீர்கள். பிற்பகலுக்கு 'மீ, மீ'.

கேள்வி: 'எப்போது', 'ஒருபோதும்' இரண்டுக்கும் ஒரே சொல்லா?

பதில்: எழுத்துகள் ஒன்றுதான், அழுத்தம் வேறு. முதல் அசையை அழுத்தினால் 'போத்தெ', எப்போது. கடைசி அசையை அழுத்தினால் 'பொத்தே', ஒருபோதும் இல்லை. எழுதும்போது அழுத்தக் குறியை விடவே கூடாது.

நாட்களின் பெயர்களில் இந்தச் சிக்கல் இல்லை. இன்று 'ஸீமெரா', நாளை 'ஆவ்ரியோ', நேற்று 'ஹ்த்தேஸ்'. நம் 'முந்தாநாள்' போலவே 'ப்ரொஹ்த்தேஸ்' ஒரே சொல். நாளை மறுநாளும் அப்படியே, 'மெதாவ்ரியோ'. ஆல்ஃபாவும் இப்ஸிலோனும் சேர்ந்திருப்பதைப் பார்த்து 'ஔரியோ' என்று மட்டும் படித்துவிடாதீர்கள். இங்கே அது 'ஆவ்'.