கத்தோலிக்கர்களுக்கு நற்செயலால் மீட்பு, புராட்டஸ்டண்டுகளுக்கு விசுவாசத்தால் மீட்பு என்கிறார்களே, வித்தியாசம் அவ்வளவுதானா?

இல்லை. இப்படிச் சொன்னால் இரண்டு பக்கத்தாரும் கோபித்துக்கொள்வார்கள், கோபத்தில் நியாயமும் உண்டு. நான் கத்தோலிக்கன். மனைவியின் அண்ணன் புராட்டஸ்டண்ட் சபை ஒன்றில் போதகர். இந்த விஷயத்தில் எங்களுக்குள் நடக்காத வாக்குவாதம் இல்லை. என் பதிலில் கொஞ்சம் கத்தோலிக்கச் சாய்வு இருக்கும், தெரிந்துகொண்டே படியுங்கள்.

எங்கள் மேல் உள்ள பழி இது: புண்ணியம் சேர்த்து மோட்சத்தை விலைக்கு வாங்கப் பார்க்கிறோமாம். புராட்டஸ்டண்ட் இயக்கத்தைத் தொடங்கிய லூத்தருக்குப் பதில் சொல்வதற்காகக் கூடிய கத்தோலிக்க ஆயர்களின் திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13 அன்று, மனிதன் நீதிமானாக்கப்படுவது, அதாவது பாவி கடவுளுக்கு ஏற்றவனாக்கப்படுவது பற்றி 16 அதிகாரங்களும் 33 விதிகளும் கொண்ட ஆவணத்தை வெளியிட்டது. அதன் முதல் விதியே யாரைக் கண்டிக்கிறது தெரியுமா? லூத்தரை அல்ல. கிறிஸ்துவின் அருள் இல்லாமல் தன் சொந்தச் செயல்களாலேயே ஒருவன் கடவுள்முன் நீதிமானாகலாம் என்று சொல்கிறவனை. நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் வரும் எதுவும், அது நம்பிக்கையாக இருந்தாலும் செயலாக இருந்தாலும், அந்த அருளைச் சம்பாதித்துத் தராது என்கிறது 8ஆம் அதிகாரம். இதுவும் புதுச்சரக்கு அல்ல. மனிதன் தன் முயற்சியாலேயே நல்லவனாகிவிடலாம் என்ற பெலாஜியுசின் போதனையை 418லேயே கார்த்தேஜ் சங்கம் தள்ளிவிட்டது.

அப்புறம் ஏன் பெயர் கெட்டது? கெடும்படி நடந்துகொண்டார்கள், அதுதான் காரணம். 1517இல் தெட்செல் என்ற துறவி பாவமன்னிப்புச் சீட்டு என்று நம் பாடப்புத்தகங்கள் சொல்லும் அந்தச் சமாச்சாரத்தைக் கூவிக் கூவி விற்றார். உரோமையில் புனித பேதுரு பேராலயம் கட்ட என்று பேச்சு. வந்த பணத்தில் ஒரு பங்கு, மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் பதவிக்காக வாங்கியிருந்த கடனை அடைக்கப் போனது. சீட்டு பாவத்தை மன்னிப்பதில்லை, மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிச்சமிருக்கும் தண்டனையைத்தான் குறைக்கிறது என்பது ஏட்டில் இருந்த விளக்கம். சந்தையில் அதை யார் கேட்டார்கள்? 1563இல் திரெந்து இந்த வசூலைக் கண்டித்தது, 1567இல் பாப்பரசர் ஐந்தாம் பத்திநாதர் பணத்தோடு சேர்ந்த பலன்கள் அனைத்தையும் ரத்து செய்தார். அதற்குள் பாதி ஐரோப்பா கையைவிட்டுப் போயிருந்தது.

எதிர்ப்பக்கத்தின் மேல் உள்ள பழியும் இதே லட்சணம்தான். "ஒருமுறை நம்பிவிட்டால் போதும், அப்புறம் என்ன ஆட்டம் வேண்டுமானாலும் போடலாம்" என்று புராட்டஸ்டண்டுகள் சொல்வதாக எங்கள் ஆட்கள் கிண்டலடிப்பார்கள். லூத்தர் 1522இல் ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையைப் படித்தால் அந்தக் கிண்டல் நின்றுவிடும். நெருப்பிலிருந்து சூட்டையும் வெளிச்சத்தையும் எப்படிப் பிரிக்க முடியாதோ அப்படியே விசுவாசத்திலிருந்து நற்கிரியையைப் பிரிக்க முடியாது என்கிறார். நீதிமானாக்குவது விசுவாசம் மட்டுமே, ஆனால் அந்த விசுவாசம் தனியாக இருப்பதில்லை என்ற பொருளில் திரெந்துக்குப் பதில் எழுதியவர் இன்னொரு புராட்டஸ்டண்ட் தலைவரான கால்வின், அதே 1547இல்.

சரி, இருவருமே அருள்தான் முதல், நற்செயலும் வேண்டும் என்றால் சண்டை எதற்கு?

கடவுள் ஒரு பாவியை நீதிமானாக்கும்போது என்ன நடக்கிறது என்பதில்தான் சண்டை. புராட்டஸ்டண்ட் பார்வையில் அது ஒரு தீர்ப்பு. கிறிஸ்துவின் நீதி உன் கணக்கில் எண்ணப்படுகிறது, நீ விடுதலை. உள்ளே நீ இன்னும் பாவிதான். உள்மாற்றமும் நிச்சயம் வரும், ஆனால் அதற்குப் பரிசுத்தமாகுதல் என்று தனிப் பெயர், தீர்ப்போடு அதைக் கலக்கக் கூடாது. கத்தோலிக்கப் பார்வையில் மன்னிப்பும் உள்மாற்றமும் ஒரே செயல். நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு மூன்றும் அப்போதே உள்ளத்தில் ஊற்றப்படுகின்றன. கடவுள் ஒருவனை நல்லவன் என்று சொன்னால் அவன் நல்லவனாகவே ஆகிறான்.

மற்ற எல்லாம் இந்த இடத்திலிருந்து கிளைவிடுகிறது. அந்த நிலை உள்ளே இருக்கிற ஒன்று என்றால் அது வளரலாம், சாவான பாவம் என்கிற பெரிய பாவத்தால் போகலாம், குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் திரும்பக் கிடைக்கலாம், சாகும்போது அரைகுறையாக இருந்தால், இறந்தபின் தூய்மைபெறும் இடமான உத்தரிக்கிற ஸ்தலத்தில் முழுமையாகலாம். தீர்ப்பு என்றால், தீர்ப்பில் பாதி கிடையாது. உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு அங்கே வேலையே இல்லை.

வசனங்களை எடுத்தால் ஆபிரகாமிடம்தான் போய் நிற்போம். ரோமர் 4இல் பவுலும் யாக்கோபு 2இல் யாக்கோபும் ஆதியாகமம் 15:6ஐயே மேற்கோள் காட்டுகிறார்கள்: ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. பவுல் உடனே ஒரு கேள்வி போடுகிறார், அது எப்போது, விருத்தசேதனத்துக்கு முன்பா பின்பா? முன்புதான். விருத்தசேதனம் 17ஆம் அதிகாரத்தில் வருகிறது. ஆகவே கிரியை காரணமல்ல. யாக்கோபோ 22ஆம் அதிகாரத்துக்குத் தாவி, ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்தியபோது அந்த வசனம் நிறைவேறியது என்கிறார். ஒரே மனிதர், ஒரே வசனம், கதையின் இரண்டு கட்டங்கள். கத்தோலிக்கர் இதை, நீதி தொடங்குவதும் வளர்வதும் என்று படிக்கிறோம். மச்சான் தரப்பு, நீதி கிடைத்ததும் அது வெளியே தெரிந்ததும் என்று படிக்கிறது.

"விசுவாசத்தினால் மாத்திரமல்ல" என்று யாக்கோபு 2:24 இருக்கிறதே, அதோடு வழக்கு முடிந்தது என்று நினைக்கும் கத்தோலிக்கர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஐந்து வசனம் முன்னால் பாருங்கள், பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன என்கிறார். பிசாசுக்கும் இருக்கக்கூடிய அந்த விசுவாசத்தை லூத்தர் பேசவே இல்லை.

நடைமுறையில் வித்தியாசம் உறைப்பது ஒரே கேள்வியில்தான்: இன்றைக்கு ராத்திரி நீங்கள் இறந்துபோனால் பரலோகம் போவது நிச்சயமா? மச்சான் யோசிக்காமல் "நிச்சயம்" என்பார். நான் "நம்புகிறேன்" என்பேன். அவருக்கு அது தாங்காது.

"சிலுவையில் எல்லாம் முடிந்தது என்று அவரே சொல்லிவிட்டார். இன்னும் என்ன இழுவை, மாப்பிள்ளை?"

"அவர் மேல் சந்தேகமில்லை மச்சான். என் மேல்தான்."

"உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் அப்படித்தான். பார்க்க வேண்டியது அவரை."

இது நல்ல பதில், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பவுலே 1 கொரிந்தியர் 9:27இல், பிறருக்குப் பிரசங்கித்த நான் தள்ளப்பட்டுப் போகக் கூடாதே என்று கவலைப்படுகிறார். கடைசிவரை நிலைத்திருப்பேன் என்று கடவுளின் தனி வெளிப்பாடு இல்லாமல் யாரும் அடித்துச் சொல்ல முடியாது என்கிறது திரெந்தின் 16ஆம் விதி. இதில் புராட்டஸ்டண்டுகளும் ஒரே குரல் இல்லை. மெய்யாக இரட்சிக்கப்பட்டவன் விழுந்துபோக மாட்டான் என்பது கால்வின் வழி, விழுந்துபோகலாம் என்பது மெதடிஸ்டுகளின் தலைவர் வெஸ்லி வழி. இந்த ஒரு விஷயத்தில் வெஸ்லி கால்வினைவிட எனக்கு நெருக்கம்.

ஒட்டவைக்கும் முயற்சிகளும் நடந்தன. 1541இல் ரெகன்ஸ்பர்க் நகரில் கர்தினால் கொன்டரீனி முன்னிலையில் கத்தோலிக்கத் தரப்பில் எக்கும் லூத்தர் தரப்பில் மெலான்க்தனும் மற்றவர்களும் உட்கார்ந்து, நீதிமானாக்கப்படுவது பற்றிய பிரிவில் மட்டும் ஒத்த கருத்துக்கே வந்துவிட்டார்கள். உரோமையும் ஏற்கவில்லை, லூத்தரும் ஏற்கவில்லை. பிறகு 1999 அக்டோபர் 31இல் ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கத் திருச்சபையும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன: நம் தகுதியால் அல்ல, அருளால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்கிறார், அந்த அருளே நம்மை நற்செயலுக்கு அனுப்புகிறது. 2006இல் மெதடிஸ்டுகளும் 2017இல் சீர்திருத்தத் திருச்சபைகளின் உலக அமைப்பும் சேர்ந்துகொண்டன. அமெரிக்காவின் மிசௌரி சினாட் போன்ற லூத்தரன் சபைகள் இன்றும் இதை ஏற்கவில்லை. மச்சானும்தான்.

ஏற்காதவர்கள் வீம்புக்குப் பேசுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். நீதிமானாக்கப்பட்டவன் அதே சமயத்தில் பாவியும்தான் என்ற லூத்தரின் பேச்சை நாங்கள் இன்னும் முழுசாக விழுங்கவில்லை. நற்செயலுக்குத் தகுதிப்பேறு, அதாவது கடவுளிடம் பரிசு பெறும் தகுதி, என்று நாங்கள் பெயர் வைப்பதை அவர்கள் சகிப்பதில்லை. கடவுள் நம் தகுதிகளுக்கு முடிசூட்டும்போது தம் கொடைகளுக்கே முடிசூட்டுகிறார் என்று பழங்காலத் திருச்சபைத் தந்தை அகுஸ்தீனார் சொன்னதை நான் எடுத்துக் காட்டினால், "அப்புறம் அதை உங்கள் தகுதி என்று ஏன் சொல்கிறீர்கள்?" என்று வரும். இதற்கு மச்சான் ஏற்கிற மாதிரி ஒரு பதில் இன்னும் என்னிடம் இல்லை.

நீங்களே படித்துப் பார்க்க நினைத்தால் லூத்தரன்களின் விசுவாச அறிக்கையான 1530இன் ஆக்ஸ்பர்க் அறிக்கையில் 4, 6, 20 ஆகிய பிரிவுகளையும், முதலில் சொன்ன 1547 ஆவணமான திரெந்தின் ஆறாம் அமர்வையும் எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சேர்த்து ஒரு மாலையில் முடிந்துவிடும். திரெந்தில் மட்டும் விதிகளை முதலில் தொடாதீர்கள். ஒவ்வொன்றும் சாபத்தில் முடிவதால் கோபம்தான் வரும். அதிகாரங்களை முதலில் படியுங்கள்.