எய்தான் என்றால் வற்றாத ஆறு

தங்கச்சி, உன் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. நீ இஸ்ரேலில் பேர்ஷெவா நகரத்துக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. ஸ்கேன் பார்த்த டாக்டரே ஆண்பிள்ளை என்று சொல்லிவிட்டார். கீழ்வீட்டு அம்மா 'எய்தான்' என்று வையுங்கள், அழகான பெயர் என்கிறார். அதற்கு என்ன அர்த்தம், எங்கிருந்து வந்தது, யூதர் அல்லாத நாம் வைக்கலாமா, மதுரையில் உன் மாமியார் வாயில் நுழையுமா என்று கேட்டிருக்கிறாய். இந்தப் பாலைவனத்தில் பதினான்கு வருஷம் இருந்தவள், எனக்கு மிகவும் பிடித்த பெயரைப் பற்றிக் கேட்டுவிட்டாய். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

மாமியாரைப் பற்றிக் கவலைப்படாதே. இங்கே எய்-தான் என்று கடைசி அசையை அழுத்திச் சொல்வார்கள். வில்லெடுத்து எய்தான் என்று நாம் சொல்கிறோமே, காதுக்கு ஏறக்குறைய அதேதான். தற்செயல்தான். ஆனால் வேடிக்கை பார், ஆதியாகமம் 49-ஆம் அதிகாரத்தில் யாக்கோபு தன் மகன் யோசேப்பை வாழ்த்தும்போது இந்தச் சொல் ஒரு வில்லோடுதான் வருகிறது. தமிழ் பைபிளில் "அவனுடைய வில் உறுதியாய் நின்றது" என்று இருக்கும். அந்த 'உறுதியாய்' என்ற இடத்தில் மூலத்தில், அதாவது இந்த நாட்டு மொழியான ஹீப்ருவில், இருப்பது எய்தான்.

அகராதியைத் திறந்தால் உறுதியானது, வலிமையானது, நிலைத்திருப்பது என்று போட்டிருக்கும். சரிதான். ஆனால் எனக்கு இந்தச் சொல் அகராதியில் புரியவில்லை. ஸ்டே போக்கேர் என்ற பாலைவன ஊரில் புரிந்தது.

வந்த முதல் குளிர்காலம் அங்கே பாலைவன ஆராய்ச்சி வளாகத்தில் குடியிருந்தோம். வருஷத்துக்கு ஏறக்குறைய 100 மில்லிமீட்டர் மழைதான். வளாகத்துக்குக் கீழே ஸின் பள்ளத்தாக்கு, எப்போது பார்த்தாலும் கல்லும் மணலும். ஒருநாள் எங்கள் தலைக்கு மேலே தூறல்கூட இல்லை, கூட வேலை செய்தவர்கள் எல்லாரும் காரை எடுத்துக்கொண்டு ஓடினார்கள். மேட்டில் எங்கோ மழை பெய்திருக்கிறது, வெள்ளம் வருகிறது, வா என்றார்கள். கரையில் நின்றோம். முதலில் சத்தம்தான் வந்தது, ஜல்லி லாரி கொட்டுகிற மாதிரி. அப்புறம் பழுப்பு நுரை, அதற்கு முன்னால் சுள்ளியும் முள்ளும் உருண்டு வந்தன. பத்து நிமிஷத்தில் ஆறு ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன், சேறு வெடித்துப் பாளம் பாளமாகக் கிடந்தது. இப்படிப்பட்ட ஆற்றுக்கு ஹீப்ருவில் 'நஹல் அக்ஸாவ்' என்று பெயர். அக்ஸவா என்றால் ஏமாற்றம். நம்பிப் போனவனை ஏமாற்றும் ஆறு. இது புவியியல் பாடப்புத்தகத்தில் இருக்கும் சொல், கவிதை இல்லை.

அதற்கு எதிர்ச்சொல்தான் 'நஹல் எய்தான்'. வருஷம் முழுக்க ஓடும் ஆறு. நாம் ஜீவநதி என்கிறோமே, அதுதான். வைகைக் கரையில் வளர்ந்த உனக்கு இந்த வித்தியாசத்தை நான் விளக்கவே வேண்டாம்.

நான் பாளையங்கோட்டைக்காரி. பைபிள் வசனம் காதில் விழாமல் அங்கே வளர முடியாது. ஆமோஸ் தீர்க்கதரிசி சொன்ன ஒரு வரி சின்ன வயசிலேயே தெரியும்: "நியாயம் தண்ணீரைப்போலவும், நீதி வற்றாத நதியைப்போலவும் புரண்டுவரக்கடவது." ஹீப்ரு படிக்க ஆரம்பித்து இரண்டு வருஷம் கழித்துத்தான் மூலத்தில் பார்த்தேன், 'நஹல் எய்தான்' என்று இருந்தது. தமிழில் மொழிபெயர்த்தவர்கள் எவ்வளவு பொருத்தமாக 'வற்றாத நதி' என்று போட்டிருக்கிறார்கள்! உறுதி என்றால் பாறை மாதிரி அசையாமல் இருப்பது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இந்த மொழியில் ஓடிக்கொண்டே இருப்பதும் உறுதிதான். இப்போதும் புயல், வெள்ளம் வரும்போது செய்தியில் 'எய்தானே ஹதேவா' என்று சொல்வதைக் கேட்பாய். இயற்கையின் பெருஞ்சக்திகள் என்று அர்த்தம்.

ஆள் பெயராகவும் இது பழையதுதான். தமிழ் பைபிளில் 'எஸ்ராகியனாகிய ஏத்தான்' என்று ஒருவர் வருகிறாரே, அவர் பெயர் இதுதான். 89-ஆம் சங்கீதம் அவர் பெயரில் இருக்கிறது. சாலொமோன் எவ்வளவு பெரிய ஞானி என்று சொல்ல வந்த இடத்தில், ஏத்தானைக் காட்டிலும் ஞானி என்று எழுதியிருக்கிறார்கள் என்றால், ஏத்தான் எப்பேர்ப்பட்டவராக இருந்திருக்க வேண்டும்! யூதர்களின் பழைய சமய நூலான தல்மூதில் ஒருபடி மேலே போய், அந்த ஏத்தான் வேறு யாருமில்லை, ஆபிரகாமேதான் என்று ஒரு கருத்து உண்டு. யூத நாட்காட்டியில் ஏழாம் மாதத்துக்கும் பழைய பெயர் ஏத்தானீம். இன்று திஷ்ரேய் என்கிறார்கள், நீ வந்து இறங்கியதும் வரிசையாகப் பண்டிகைகள் வந்ததே, அந்த மாதம்.

இவ்வளவு பழைய பெயர் என்றாலும், நூற்றாண்டுக் கணக்காக ஊர் ஊராகச் சிதறி வாழ்ந்த யூதக் குடும்பங்களில் இது அரிதுதான். மோஷே, யோசேஃப் மாதிரி தலைமுறை தலைமுறையாக ஓடிய பெயர் அல்ல. ஹீப்ரு மறுபடி பேச்சுமொழி ஆனபோது பைபிளின் மூலையில் கிடந்த பல பெயர்களைத் தூசி தட்டி எடுத்தார்கள், அதில் இதுவும் ஒன்று. இப்போது பக்தியான வீட்டிலும் வைக்கிறார்கள், கோவில் பக்கம் போகாத வீட்டிலும் வைக்கிறார்கள். யூதக் குழந்தைகளின் பெயர்ப் பட்டியலில் சமீப வருஷங்களில் தாவித், அரியேல், நோவாம் போன்றவை உச்சியில் இருக்க, எய்தானும் முன்வரிசையில்தான் இருக்கிறது. ஆகவே பாலர் பள்ளியில் உன் பிள்ளை ஒற்றை எய்தானாக இருப்பான் என்று நினைக்காதே. என் மகன் வகுப்பில் இரண்டு பேர். பை மாட்டும் கொக்கிகளுக்கு மேலே பெயரோடு ஒருவனுக்கு ஆமைப் படமும் இன்னொருவனுக்கு விமானப் படமும் ஒட்டியிருந்தார்கள். 'ஆமை எய்தான்' என்றால் எல்லாருக்கும் தெரியும்.

வெளிநாட்டில் இதே பெயர்தான் ஈத்தன். அமெரிக்காவில் 2009, 2010 இரண்டு வருஷமும் ஆண் குழந்தைப் பெயர்களில் இரண்டாம் இடம். பின்னால் கனடாவுக்கோ அமெரிக்காவுக்கோ போனாலும் பெயர் கூடவே வரும்.

ஒன்றை மறைத்தால் பதில் அரைகுறை ஆகிவிடும். 2014-இல் காசாவில் நடந்த போருக்கு இந்த நாட்டு ராணுவம் ஹீப்ருவில் வைத்த பெயர் 'த்ஸுக் எய்தான்', உறுதியான பாறை. ஒரு கவச வாகனத்துக்கும் எய்தான் என்று பெயர் உண்டு. சொல்லின் வலிமை அவர்களுக்கும் பிடித்திருக்கிறது. அதற்காகப் பெயர் கெட்டுப்போய்விட்டது என்று நான் நினைக்கவில்லை. தெருவில் எய்தான் என்று கூப்பிட்டால் பிள்ளைகள்தான் திரும்பிப் பார்க்கிறார்கள். ஆனாலும் தெரிந்து வைப்பது வேறு, தெரியாமல் வைப்பது வேறு.

அப்புறம், நாம் வைக்கலாமா என்பது. தாராளமாக வைக்கலாம். யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். இங்கே பிறந்து வளரும் பிலிப்பினோ பிள்ளைகள் பலருக்கு ஹீப்ருப் பெயர்தான். ஆனால் பெயர் வைத்ததால் பிள்ளை இந்த நாட்டுக்காரன் ஆகிவிட மாட்டான், இங்கே பிறப்பதால் குடியுரிமை வராது. அந்த ஏத்தானுக்கு எஸ்ராகியன் என்பது குலப்பெயர். இன்றைய ஹீப்ருவில் 'எஸ்ராஹ்' என்றால் குடிமகன். ஒவ்வொரு படிவத்திலும் அந்தச் சொல்லைப் பார்க்கும்போது எனக்கு மனசு ஒருமாதிரி ஆகும். உன் பிள்ளை இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டுமானால், பிறந்த ஒரு வருஷத்துக்குள் டெல் அவீவில் இருக்கும் நம் தூதரகத்தில் பதிந்துவிடு. ஆங்கிலத்தில் இ, ஐ, டி, ஏ, என் என்று எழுதுவதா, வேறு மாதிரியா என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள். எல்லாக் காகிதத்திலும் அதே எழுத்துதான் இருக்க வேண்டும்.

எழுத்து என்றதும் என் மகன் கதையைச் சொல்ல வேண்டும். அவனுக்குக் கவின் என்று ஆசையாகத் தமிழ்ப் பெயர் வைத்தோம். ஹீப்ருவில் உயிரெழுத்துக் குறி போட மாட்டார்கள். கவின் என்று எழுதினால் அப்படியே கெவின் என்ற பெயரின் எழுத்து. தடுப்பூசி போடும் இடத்தில் நர்ஸ் கதவைத் திறந்து "கெவின்!" என்று கூப்பிடுவார், நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன், எங்கள் முறை போய்விடும். மூன்று வயதில் அவனே தன்னைக் கெவின் என்று சொல்ல ஆரம்பித்தபோது எனக்கு அழுகை வந்தது. அதற்குப் பிறகு கவின் என்றால் அழகு என்று பாலர் பள்ளி ஆசிரியையிடம் உட்கார்ந்து சொன்னேன். அவர் அதைப் பிள்ளைகளுக்குச் சொன்னார். அன்றிலிருந்து அங்கே எல்லாருக்கும் அவன் கவின்தான்.

அதனால் என் யோசனை இது. எய்தான் பிடித்திருந்தால் அதையே முதல் பெயராக வை, வீட்டில் கூப்பிட ஒரு தமிழ்ப் பெயரும் வைத்துக்கொள். மாமியாரிடம் ஹீப்ருப் பெயர் என்று ஆரம்பிக்காதே. வற்றாத ஆறு என்று அர்த்தம் அத்தை என்று சொல். வைகையில் தண்ணீர் வருமா என்று ஏங்கிய ஊர், அந்த அர்த்தம் அவருக்குச் சட்டென்று பிடிபடும்.

இன்னொன்று. இங்கே பிள்ளை பிறக்கும் முன் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். எட்டாம் நாள் விருத்தசேதனச் சடங்கில்தான் சொல்வார்கள். அதற்கு முன்னால் தொட்டில் துணிகூட வாங்காத வீடுகள் உண்டு. உன்னிடம் "மஸல் தோவ்", அதாவது வாழ்த்துகள், என்று சொல்லாமல் "பெஷாஆ தோவா", நல்ல நேரத்தில் ஆகட்டும், என்று சொல்வதும் அதனால்தான். கீழ்வீட்டு அம்மா தன் பிள்ளைகளுக்குக்கூட முன்கூட்டிச் சொல்லாத ஒன்றை உன்னிடம் சொல்லியிருக்கிறார் என்றால், உன்மேல் அவருக்கு எவ்வளவு பிரியம் என்று பார்த்துக்கொள். முடிவு செய்ததும் அவரிடம் சொல், மற்றவர்களுக்குப் பிறந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

வரும் வெள்ளிக்கிழமை காலையில் இரண்டு பேரும் வாருங்கள், 'எய்ன் அவ்தாத்' என்ற இடத்துக்குப் போவோம். அதே ஸின் பள்ளத்தாக்குதான், ஆனால் அங்கே ஊற்று இருப்பதால் ஆகஸ்டிலும் தண்ணீர் நிற்கும். வெள்ளைப் பாறைச் சுவருக்கு நடுவே பச்சைக் குளம், வரையாடு மாதிரி கொம்பு வளைந்த ஆடுகள் வந்து குடிக்கும். கீழ்வாசல் வழியாகப் போனால் ஏணிப்படி ஏற வேண்டியதில்லை, இந்த மாதத்திலும் உன்னால் மெதுவாக நடக்க முடியும். தயிர்சாதமும் நார்த்தங்காயும் நான் கொண்டுவருகிறேன்.