கன்னியாகுமரிக் கடலில் காற்றாலை வர ஏன் இவ்வளவு தாமதம்?

கேட்டிருப்பது இது: "முப்பந்தல் பக்கம் சில மாதங்களிலேயே காத்தாடி நட்டுவிடுகிறார்கள். கடலில் காற்றாலை வரும் என்று பத்து வருடமாகச் சொல்கிறார்கள், இதுவரை ஒன்றுகூட இல்லை. ஏன்?"

நான் காற்று அளவீட்டுக் கணக்குகளோடு மாரடிக்கிற வேலையில் இருப்பவன். முதல் ஏழு வருடம் ஆரல்வாய்மொழி, காவல்கிணறு பக்கம்தான். அதனால் என் பதில் கொஞ்சம் ஒருபக்கமாகச் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காத்தாடியை நடுவது நிலமானாலும் கடலானாலும் கடைசி வேலை. அதற்கு முன்னால் அந்த இடத்துக் காற்றை அளக்க வேண்டும். காற்றின் வேகம் ஏறும்போது அதிலுள்ள ஆற்றல் மும்மடிக் கணக்கில், அதாவது வேகம் × வேகம் × வேகம் என்று ஏறும். வினாடிக்கு 8 மீட்டர் வீசுகிற இடத்தையும் 10 மீட்டர் வீசுகிற இடத்தையும் ஒப்பிட்டால், இரண்டாவதில் கிட்டத்தட்ட இருமடங்கு ஆற்றல். அளவில் சின்னப் பிழை வந்தாலும் வருமானக் கணக்கு கவிழ்ந்துவிடும்.

ஒரு சொந்த அனுபவம். ஒருமுறை 100 மீட்டர் அளவைக் கம்பத்தில், காற்றுமானி பொருத்திய கை தப்பான திசையில் மாட்டப்பட்டிருந்தது. தென்மேற்குக் காற்று வீசும்போதெல்லாம் கம்பத்தின் மறைவிலேயே அது உட்கார்ந்திருந்தது. நாங்கள் கண்டுபிடிக்க எட்டு மாதம் ஆனது. அந்த ஆண்டின் ஆனி ஆடிக் கணக்கு முழுக்கக் குப்பைக்குப் போயிற்று. நல்லவேளை நிலம், ஆளை ஏற்றி ஒரே நாளில் சரிசெய்துவிட்டோம். இதுவே கடலாக இருந்தால், பழுது தெரிந்தாலும் அலை அடங்கும்வரை கரையில் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கடலில் இப்போது கம்பத்துக்குப் பதில் பெரும்பாலும் லைடார் கருவி வைக்கிறார்கள். மிதவையிலோ சிறு மேடையிலோ உட்கார்ந்து, மேல்நோக்கி லேசர் ஒளி அனுப்பி, 100, 150 மீட்டர் உயரத்துக் காற்றை அளக்கும். குறைந்தது ஒரு முழு ஆண்டாவது ஓட வேண்டும். ஏன் என்றால் நம் பக்கத்துக் காற்று வருடம் முழுக்க ஒரே சீராக வீசுவதில்லை. வைகாசி முதல் புரட்டாசி வரை பேய்க்காற்று, மற்ற மாதங்களில் அந்த வேகம் இருக்காது. காற்று நன்றாக வீசும் அதே மாதங்களில்தான் கடல் கொந்தளிக்கும். அப்போது தூண் நடவும் முடியாது, இறக்கை தூக்கவும் முடியாது. கட்டுமானத்துக்குக் கிடைப்பது வருடத்தில் அமைதியான சில மாதங்கள் மட்டும். அதைத் தவறவிட்டால் நேராக அடுத்த வருடம்தான்.

காற்றை அளந்தாயிற்று, சரி. அப்புறம் கடலடித் தரை. ஒலி அலை அனுப்பி அதை வரைபடமாக்க வேண்டும், துளையிட்டு மண் எடுக்க வேண்டும். மணலா, களியா, பாறையா என்று தெரியாமல் எந்த அடித்தளம் என்று முடிவு செய்ய முடியாது. மணலிலும் களியிலும் மோனோபைல் என்கிற ராட்சத இரும்புக் குழாயைச் சம்மட்டியால் அடித்து இறக்கிவிடலாம். பாறையில் அது நடக்காது. துளை போட வேண்டும், அல்லது வேறு வடிவத்துக்குப் போக வேண்டும், செலவு எகிறும். ஆழம் 50, 60 மீட்டரைத் தாண்டினால் மிதக்கும் அடித்தளம்; அது தனிக்கதை.

இந்த அளவீடெல்லாம் இவ்வளவு முக்கியமாவது வங்கியின் வாசலில்தான். சராசரி உற்பத்தியைக் காட்டினால் அவர்கள் கடன் தரமாட்டார்கள். "இதற்குக் குறையாமல் கிடைக்க 90 சதவீத வாய்ப்பு" என்கிற எண்ணைக் கேட்பார்கள். எங்கள் பேச்சில் அது பி90. அளவீடு சொதப்பலாக இருந்தால் சராசரிக்கும் பி90க்கும் நடுவே பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை யூனிட் விலையில்தான் நிரப்ப முடியும்.

வெளிநாட்டில் மட்டும் மளமளவென்று நடக்கிறதா என்றால், அங்கேயும் இல்லை. இங்கிலாந்தின் யார்க்‌ஷர் கடற்கரையிலிருந்து 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது ஹார்ன்சீ ஒன்று. 174 காற்றாலை, ஒவ்வொன்றும் 7 மெகாவாட். அந்தக் கடற்பரப்பு 2010இல் ஒதுக்கப்பட்டது, அனுமதி 2014 டிசம்பரில் வந்தது, முதல் மின்சாரம் 2019இல்தான். தேம்ஸ் முகத்துவாரத்து லண்டன் அரேயில் முதல் கட்டம் 175 காற்றாலையோடு 2013இல் ஓடத் தொடங்கியது. இரண்டாம் கட்டத்தை அடுத்த ஆண்டே கைவிட்டார்கள். அங்கே குளிர்காலம் கழிக்க வருகிற செங்கழுத்து முக்குளிப்பான் பறவைக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்து முடிக்கவே இன்னும் வருடங்கள் ஆகும் என்று தெரிந்ததும் ஒரு காரணம்.

ஆனால் ஒரு நாடு இதைச் சாமர்த்தியமாகச் செய்தது. நெதர்லாந்து. போர்செல்லா கடல் பகுதியில் காற்று, அலை, தரை எல்லாவற்றையும் அரசே அளந்து, முடிவுகளை எல்லோருக்கும் திறந்து வைத்தது. கடலிலிருந்து கரைக்கு வரும் மின்பாதையும் அரசு மின்கட்டமைப்பு நிறுவனத்தின் பொறுப்பு. அதற்குப் பிறகுதான் ஏலம். 2016இல் மெகாவாட் மணிக்கு, அதாவது 1,000 யூனிட்டுக்கு, 72.70 யூரோ என்று விலை விழுந்தது. கடல் காற்றாலையில் அவ்வளவு குறைந்த விலை அன்றைக்கு உலகச் சாதனை. ஏலம் கேட்டவர்கள் இருட்டில் கல்லெறியவில்லை, அவ்வளவுதான்.

நம்மூரில் நடந்தது வேறு. 2015இல் தேசியக் கொள்கை வந்தது. சென்னையில் இருக்கும் தேசியக் காற்றாற்றல் நிறுவனம்தான் இதற்குப் பொறுப்பு. 2017இல் குஜராத்தின் காம்பாட் வளைகுடாவில் லைடார் வைத்தார்கள். 2024 ஜூனில் மத்திய அமைச்சரவை 7,453 கோடி ரூபாய் ஒதுக்கியது. குஜராத்துக்கு 500, தமிழ்நாட்டுக்கு 500 மெகாவாட், இரண்டு துறைமுகங்களைத் தரம் உயர்த்த அதில் 600 கோடி. ஆனால் அதற்கு முன்பே, அதே ஆண்டு பிப்ரவரியில், தமிழகக் கடலில் 4,000 மெகாவாட்டுக்கு ஒரு டெண்டர் போட்டார்கள். அதில் மானியம் கிடையாது. ஆய்வும் நிறுவனத்தின் செலவு, மின்சாரம் வாங்க ஆள் தேடுவதும் நிறுவனத்தின் பாடு. யார் வருவார்கள்? அந்த டெண்டர் 2025இல் ரத்தானது. என்னைக் கேட்டால் தாமதத்துக்கு முதல் காரணம் இதுதான். அளக்காத கடலை விற்கப் பார்த்தோம்.

மீனவர்களைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் ஊரில் அடிப்பார்கள். என் சித்தப்பா நாற்பது வருடம் வள்ளத்தில் போனவர். கடலுக்கடியில் எந்தப் பார் எங்கே கிடக்கிறது என்று மலையையும் கோயில் கோபுரத்தையும் ஒரே நேர்கோட்டில் வைத்துச் சொல்லிவிடுவார். பார் என்றால் மீன் அடைகிற பாறைத்திட்டு. ஒரு மாலை என் மடிக்கணினியில் மாதிரி வரைபடம் ஒன்றைக் காட்டினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"தூணுக்கும் தூணுக்கும் எடையில எவ்வளவு எடம் கெடக்கும் மக்களே?" என்றார்.

ஒன்றரைக் கிலோமீட்டருக்குக் குறையாது என்றேன். இப்போதைய 15 மெகாவாட் காற்றாலையின் சுழல்வட்டமே 236 மீட்டர். ஒன்றின் பின்காற்று அடுத்ததைக் கெடுக்காமல் இருக்க அதில் ஏழு மடங்காவது விட வேண்டும்.

"அது மதி, போதும். கேபிளு எது வழியா போவும்?"

சரியான இடத்தில் கை வைத்துவிட்டார். கேபிளை மண்ணுக்குள் ஒன்றிரண்டு மீட்டர் புதைப்பார்கள். பாரின் மேல் புதைக்க முடியாது, கல்லைக் கொட்டி மூடுவார்கள். அதில் மடி வலை சிக்கும், நங்கூரம் சிக்கும். பிரிட்டனில் காற்றாலைகளுக்கு நடுவே மீன்பிடிக்கத் தடையில்லை, பெல்ஜியத்தில் படகு உள்ளேயே நுழையக் கூடாது. நம் கடலில் எது என்பதைக் கேபிள் பாதை வரையும்போதே, அவரைப் போன்றவர்களை உட்கார வைத்து முடிவு செய்ய வேண்டும். என் வரைபடத்தில் அந்தப் பாதை ஒரே நேர்கோடாக இருந்தது. அவர் விரலை வைத்து மூன்று இடத்தில் வளைத்துக் காட்டினார். அந்த மூன்றில் இரண்டு, நான் வைத்திருந்த ஆழ வரைபடத்தில் இல்லவே இல்லை.