பெரியவர்களுக்குக் குடல் செருகல்: எப்போது அறுவை, எப்போது காத்திருப்பு?

கேள்வி: என் கணவருக்கு வயது 44. இரண்டு மாதங்களாகச் சாப்பிட்ட பிறகு தொப்புளைச் சுற்றி இழுத்துப் பிடிப்பதுபோல் வலி வருகிறது. அரைமணி நேரத்தில் தானாகவே விட்டுவிடுகிறது. இருமுறை வாந்தியும் எடுத்தார். சி.டி. ஸ்கேன் அறிக்கையில், சிறுகுடலின் ஜெஜுனம் பகுதியில் 2.5 செ.மீ. நீளத்துக்கு ‘இன்டஸ்ஸஸெப்ஷன்’ இருப்பதாகவும், கட்டியோ அடைப்போ தெரியவில்லை என்றும் எழுதியிருக்கிறார்கள். அறுவை மருத்துவர் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்கிறார்; குடல்நோய் மருத்துவர் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: சட்டைக் கையைக் கழற்றும்போது அதன் ஒரு பகுதி இன்னொரு பகுதிக்குள் மடங்கிப் போவதுபோல, குடலின் மேல்பகுதி அதற்கடுத்த கீழ்ப்பகுதிக்குள் நுழைந்துகொள்வதே குடல் செருகல்; அறிக்கையில் உள்ள ‘இன்டஸ்ஸஸெப்ஷன்’ இதுதான். நுழையும் குடல் தனியாகப் போவதில்லை. தன்னைத் தாங்கும் சவ்வையும் அதிலுள்ள இரத்தக் குழாய்களையும் கூடவே இழுத்துக்கொண்டு போகிறது. செருகல் நீடித்தால் முதலில் சிரைகள் நசுங்கிக் குடல் வீங்கும். பிறகு தமனி வழியாக வரும் இரத்தமும் தடைப்பட்டு அந்தப் பகுதி அழுகத் தொடங்கும். அறுவை மருத்துவர் அவசரப்படுவதற்கு இதுவே காரணம்.

இன்னொரு காரணமும் உண்டு. குழந்தைகளுக்கு வரும் செருகலில் பெரும்பாலும் குறிப்பிட்ட காரணம் எதுவும் அகப்படுவதில்லை. காற்றையோ திரவத்தையோ ஆசனவாய் வழியே செலுத்தி அதை விலக்கிவிடலாம். பெரியவர்களில் 70 முதல் 90 சதவீதம் பேருக்கு ஒரு கட்டியோ, பாலிப்போ (குடலின் உட்சுவரில் முளைக்கும் சதை வளர்ச்சி), பழைய அறுவையின் ஒட்டலோ குடலை முன்னின்று இழுத்துச் சென்றிருக்கும் என்பது பாடநூல்களில் நெடுங்காலமாக உள்ள கணக்கு. ‘லீட் பாயிண்ட்’ என்று அறிக்கைகளில் வருவது இதுதான். ஆனால் அந்தக் கணக்கு பெரும்பாலும் அறுவை செய்யப்பட்ட நோயாளிகளிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதை மறந்துவிடக் கூடாது. சி.டி. ஸ்கேன் பரவலான பிறகு, வேறு எதற்கோ படமெடுக்கும்போது தற்செயலாகக் கண்ணில் படுகிற, சில நிமிடங்களில் தானே விலகிவிடுகிற சிறு செருகல்கள் ஏராளமாகத் தெரியவந்தன. இவற்றுக்குப் பழைய விதியை அப்படியே பொருத்துவது தேவையற்ற அறுவைக்கு வழிவகுக்கும்.

ஆகவே, செருகல் இருக்கிறதா என்பதைவிட, அது எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம், அதன் முனையில் ஏதேனும் இருக்கிறதா, அதற்கு மேலுள்ள குடல் விரிந்திருக்கிறதா என்பவையே முடிவைத் தீர்மானிக்கின்றன. சி.டி. படத்தில் குறுக்குவெட்டாகப் பார்த்தால் வளையத்துக்குள் வளையம் தெரியும்: வெளியே வாங்கிக்கொண்ட குடலின் சுவர், நடுவே நுழைந்த குடல், இரண்டுக்கும் இடையில் பிறைபோலக் கறுத்த கொழுப்பு, அதற்குள் சிறு புள்ளிகளாக இரத்தக் குழாய்கள். ஜெஜுனம் போன்ற சிறுகுடலின் மேல்பகுதியில், 3.5 செ.மீ.க்குக் குறைவாக, கட்டியும் அடைப்பும் இல்லாமல் இருப்பவை பெரும்பாலும் தாமே விலகுபவை. இந்த அளவு ஒரு வழிகாட்டி மட்டுமே. உங்கள் கணவரின் அறிக்கை இந்த வகையைச் சேர்ந்தது என்பதால், இன்றே அறுவை என்ற ஆலோசனையில் எனக்கு உடன்பாடில்லை.

அதற்காக அறிக்கையை மடித்து வைத்துவிடவும் முடியாது. தற்செயலாகக் கண்ணில் பட்ட செருகலுக்கு அறிகுறி இருக்காது. இவருக்கு இரண்டு மாத வலியும் வாந்தியும் இருக்கின்றன. பெரியவர்களில் இந்நோய் பெரும்பாலும் இப்படித்தான், விட்டுவிட்டு வரும் வலியாகவே தெரியும். குழந்தைகளிடம் காண்பதுபோல் வலி, வயிற்றில் தட்டுப்படும் திரட்சி, இரத்தம் கலந்த மலம் மூன்றும் சேர்ந்து வருவது அரிது. சிறிய பாலிப்போ கொழுப்புக்கட்டியோ குடல் விரியாமல் சுருங்கியிருக்கும்போது எடுத்த ஸ்கேனில் தப்பிவிடலாம். எனவே அடுத்த கட்டமாக சி.டி. என்டரோகிராஃபி செய்வது நல்லது: ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் திரவத்தை ஒரு மணி நேரத்துக்குள் சிறிதுசிறிதாகக் குடிக்கவைத்து, குடல் நன்றாக விரிந்த நிலையில் படமெடுப்பார்கள். அதிலும் ஒன்றும் தெரியாமல் வலி தொடர்ந்தால், கேமரா பொருத்திய நீண்ட குழாயைச் செலுத்திச் சிறுகுடலின் உட்புறத்தைப் பார்க்கும் என்டரோஸ்கோப்பியைப் பற்றி யோசிக்கலாம். மாத்திரைபோல் விழுங்கும் காப்ஸ்யூல் கேமராவை, குடலில் குறுகல் இல்லை என்று உறுதியான பின்பே தர வேண்டும்; இல்லாவிட்டால் அது உள்ளேயே சிக்கிக்கொள்ளலாம்.

கூடவே ஹீமோகுளோபின், இரும்புச்சத்து அளவுகளையும் பாருங்கள். காரணமில்லாத இரத்தசோகை, கண்ணுக்குத் தெரியாமல் கசியும் ஒரு கட்டியைக் காட்டிக்கொடுக்கலாம். கோதுமைப் புரதம் ஒவ்வாத சீலியாக் நோயிலும் இப்படி விலகிவிடும் செருகல்கள் வருவதுண்டு. தென்னிந்தியாவில் அது வடக்கைவிடக் குறைவுதான் என்றாலும் ஓர் இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். சோதனைக்கு முன்பே சப்பாத்தியை நிறுத்திவிட்டால் முடிவு தவறாக வரலாம். உதட்டிலும் கன்னத்தின் உட்புறத்திலும் கரும்புள்ளிகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள்: பரம்பரையாக வரும் பியூட்ஸ்-ஜெகர்ஸ் நோயில் சிறுகுடல் முழுவதும் பாலிப்புகள் வளரும். எடை குறைக்க இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவராக இருந்தாலோ, முன்பு மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் இருந்திருந்தாலோ அதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள். அப்போது நான் மேலே சொன்ன பொறுமை பொருந்தாது.

கட்டி தெரிந்தால் அறுவைதான் சிகிச்சை. சிறுகுடலில் சாதாரணக் கட்டி என்று தோன்றி, குடலும் உயிரோட்டத்துடன் இருந்தால், செருகலைக் கீழ்ப்பக்கத்திலிருந்து மெல்லப் பிதுக்கி விலக்கிவிட்டுக் கட்டியுள்ள சிறு பகுதியை மட்டும் நீக்கலாம். வசதியுள்ள இடங்களில் இதை, சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பி முறையிலேயே செய்கிறார்கள். பாலிப்புகள் பலவாக உள்ளவருக்குக் குடலைச் சேமிப்பது மிக முக்கியம். ஒவ்வொரு முறையும் வெட்டிக்கொண்டே போனால் உணவை உறிஞ்சப் போதிய குடல் மிஞ்சாது. பெருங்குடல் செருகல் முற்றிலும் வேறு. அங்கே பாதிக்கும் மேற்பட்டவற்றில் காரணம் புற்றுநோய் என்பதால், விலக்க முயலாமல் நிணநீர்க் கணுக்களோடு சேர்த்து அந்தப் பகுதியை அப்படியே வெட்டியெடுப்பதே பொதுவான நடைமுறை.

காத்திருக்கும் நாட்களில் வலி விடாமல் நீடித்தாலோ, பச்சை நிறத்தில் வாந்தி வந்தாலோ, வயிறு உப்பி வாயு பிரியாமல் போனாலோ, காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ கண்டாலோ, எந்த நேரமானாலும் அறுவை வசதியுள்ள அவசரப் பிரிவுக்குப் போய்விட வேண்டும். வழியில் எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது. ‘வயிறு சுத்தமாகட்டும்’ என்று விளக்கெண்ணெயோ பேதி மாத்திரையோ தருவது ஆபத்து. அடைபட்ட குடலை அது மேலும் முறுக்கிப் பிழியும்.

அடுத்த ஆலோசனைக்குச் செல்லும்போது அச்சிட்ட அறிக்கையோடு ஸ்கேன் படங்கள் உள்ள குறுந்தகட்டையும் கொண்டுபோய், மருத்துவரைப் படங்களையே பார்க்கச் சொல்லுங்கள். வலி வந்த நாள், சாப்பிட்ட எவ்வளவு நேரத்துக்குப் பின் வந்தது, எப்படி விட்டது என்பவற்றை ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். வலி இருக்கும் வேளையில் எடுக்கிற அல்ட்ராசவுண்ட், வலியில்லாத நாளில் எடுக்கும் ஸ்கேனைவிடச் சில சமயம் அதிகம் சொல்லும் என்பதால், அப்படி ஒரு வேளை வாய்த்தால் தயங்காமல் அழைத்துச் செல்லுங்கள்.