பழைய கைக்கடிகாரமும் இணைய ஏலமும்: கேட்டதும் சொன்னதும்

புனைபெயரில் கேட்கலாம். கீ கொடுக்கும் கடிகாரம், பழைய ஆட்டோமேட்டிக் இரண்டுக்கும் பதில் சொல்கிறேன். பின்மூடியைத் திறந்து எடுத்த மிஷின் (உள் இயந்திரம்) படம் இல்லாமல் ‘என்ன விலை போகும்’ என்று கேட்க வேண்டாம்.

பெண்டுலம்: ஏலத்தில் ஒரு சீக்கோ 5. பளீர் ஆரஞ்சு டயல். ‘ஒரிஜினல், ஃபுல் கீ கொடுத்து ஓட்டிப் பார்த்தது’ என்கிறார் விற்பவர். பின்மூடியில் 6309. வாங்கலாமா?

பதில்: அந்த ஒரு வரியிலேயே அவர் மாட்டிக்கொண்டார். 6309 கீ கொடுக்கிற மிஷினே இல்லை. கையை அசைத்தால் ரோட்டார் (மிஷின் மேல் சுழலும் எடைத்தகடு) சுற்றும், அதுதான் அதற்குச் சாவி. 7009, பிற்கால 7எஸ்26 எல்லாம் இதே ரகம். அவர் ஓட்டிப் பார்க்கவில்லை, அல்லது உள்ளே இருப்பது 6309 இல்லை.

மூன்று இடங்களைப் பாருங்கள்: பின்மூடி, ரோட்டாரை ஒட்டிய பொறிப்பு, டயலின் அடிவிளிம்பில் 6 மணிக்குக் கீழே உள்ள பொடி எழுத்து. மூன்றிலும் முதல் நான்கு இலக்கம் ஒன்றாக இருக்க வேண்டும். டயலில் அந்தப் பொடி எழுத்தே இல்லையென்றால் திரும்ப அச்சடித்த டயல் என்றே வைத்துக்கொள்ளலாம். டயலில் போட்டிருக்கும் ஜுவல் (உராய்வைக் குறைக்கும் கல்) எண்ணிக்கையும் ரோட்டாரில் உள்ளதும் ஒத்துப்போக வேண்டும்.

அடுத்தது பின்மூடியின் வரிசை எண். முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண், இரண்டாவது மாதம். அக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் ஓ, என், டி எழுத்துகள். பத்தாண்டு எது என்பதை மிஷினை வைத்துத்தான் சொல்ல வேண்டும். 6309 வந்தது 1976இல், நின்றது 1988 வாக்கில். ஆகவே ‘4என்’ என்று தொடங்கினால் 1984 நவம்பர். ‘7’ என்றால் 1977ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். விற்பவர் ‘1960களின் அபூர்வம்’ என்று எழுதியிருந்தால் அடுத்த ஏலத்துக்குப் போய்விடுங்கள்.

அரைமணி: எச்.எம்.டி. பைலட், சிவப்பு டயல், ‘பழைய ஸ்டாக், பயன்படுத்தாதது’. உண்மையா?

பதில்: பைலட் என்றால் கறுப்பு டயல், வெள்ளை எண்கள். சிவப்பு, மஞ்சள், வான நீலம், விமானப்படம் போட்டது எல்லாம் பெரும்பாலும் பிறகு அடித்த பெயின்ட். பெங்களூரில் 1961இல் சிட்டிசன் கூட்டுறவோடு தொடங்கிய தொழிற்சாலை அது. கைக்கடிகாரப் பிரிவை மூடும் முடிவு 2016இல் வந்தது. அதன்பின் ‘பழைய ஸ்டாக்’ என்ற பெயரில் ஏலத்துக்கு வருகிற எல்லாமே பெட்டியில் தூங்கியவை அல்ல. மிஷினின் பிரிட்ஜ் (சக்கரங்களைப் பிடித்திருக்கும் தகடு) திருகுகளின் பள்ளத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஓரம் நசுங்கியிருந்தால் ஸ்க்ரூடிரைவர் ஏற்கெனவே இறங்கியிருக்கிறது. இதற்கும் பின்மூடி திறந்த படம்தான் வேண்டும். நிஜமாகவே கட்டாத கடிகாரம் என்றாலும் எண்ணெய் காய்ந்திருக்கும், சர்வீஸ் செலவு உண்டு.

கைவண்டி: தாத்தாவின் ரோமர். என்ன விலை போகும்?

பதில்: மிஷின் படம். 50, 60களின் ரோமர் தன் மிஷினைத் தானே செய்தது, எம்.எஸ்.டி. முத்திரை இருக்கும். அதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

நடுநிசி: 1970 வாக்கில் வந்த ஸ்விஸ் டைவர் (நீரில் மூழ்குவோருக்கான வாட்ச்). டயலின் அடியில் ‘டி ஸ்விஸ் மேட் டி’. டார்ச் காட்டினால் முள்ளும் மணிக்குறியும் பத்து நிமிடம் ஜொலிக்கிறதாம். நல்ல அறிகுறிதானே?

பதில்: கெட்ட அறிகுறி. அந்த ‘டி’ டிரிட்டியம், இருட்டில் ஒளிரப் பூசிய கதிரியக்கப் பொருள். அரை ஆயுள் 12.3 ஆண்டு. அன்று பூசியதில் இன்று இருபதில் ஒரு பங்கு மிஞ்சினாலே பெரிது. டார்ச் காட்டினால் சில நொடி மின்னி அடங்க வேண்டும். பத்து நிமிடம் நிற்கிறதென்றால் புதுப் பூச்சு. முள்ளின் பூச்சும் டயலின் பூச்சும் வேறு வேறு பழுப்பில் இருந்தால் முள் மாறியிருக்கிறது, அல்லது ஒன்றுக்கு மட்டும் திரும்பப் பூசியிருக்கிறார்கள்.

அதற்கும் முந்தையவற்றில் ரேடியம் இருக்கலாம். அதன் அரை ஆயுள் 1600 ஆண்டு. ஒளிரும் பொருள் கருகி வெளிச்சம் செத்திருக்கும், கதிர்வீச்சு சாகாது. கண்ணாடியைக் கழற்றிப் பூச்சைச் சுரண்டாதீர்கள், அந்தத் தூள் மூச்சில் போகக் கூடாது.

நாலுமணிப்பூ: குவார்ட்ஸ் வாட்சில் பேட்டரி கசிந்துவிட்டது…

பதில்: என் துறை இல்லை. அருகிலுள்ள ரிப்பேர் கடை.

இரும்புச்சாவி: கேட்கிற எல்லா ஏலத்திலும் தோற்கிறேன். எப்படிக் கேட்பது?

பதில்: விற்பவர் கேட்கும் விலையை மறந்துவிட்டு ‘விற்று முடிந்தவை’ என்று வடிகட்டிப் பாருங்கள். சர்வீஸ் ஆன அதே மாடல் போன விலையிலிருந்து சர்வீஸ், உதிரிபாகம், தபால், சுங்கம் எல்லாம் கழியுங்கள். மிச்சம்தான் உங்கள் உச்சவரம்பு. கடைசி ஏழெட்டு நொடியில் ஒரே தடவை அதைப் போடுங்கள். முன்கூட்டியே கேட்டால் எதிராளிக்கு யோசிக்க நேரம் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். ஒரே விற்பவரின் ஏலங்களில் மட்டும் விலையை ஏற்றிவிட்டுக் கடைசியில் காணாமல் போகும் பயனர் கணக்கு இருந்தால் அந்தக் கடைப் பக்கமே போக வேண்டாம்.

மீசைக்காரர்: திரும்ப அச்சடித்த டயல் என்றாலே மோசடி போலப் பேசுகிறீர்கள். இங்கே வியர்வையும் ஈரமும் டயலைத் தின்றுவிடும். வாடிக்கையாளரே ‘புதுசாக்கிக் கொடு’ என்று கேட்பார், கடைக்காரர் செய்து கொடுத்தார். இதில் என்ன குற்றம்?

பதில்: செய்ததில் குற்றமே இல்லை. செய்ததை ‘ஒரிஜினல்’ என்று எழுதுவதுதான் குற்றம்.

மீசைக்காரர்: அப்படியென்றால் இப்படிப் புதுப்பித்த கடிகாரத்துக்கு ‘மும்பை ஸ்பெஷல்’ என்று ஊர் பெயர் ஏன்? அமெரிக்காவில் பழைய ஒமேகாவுக்கு டயல் புதுப்பித்தால் ‘ரீஃபினிஷ்’ என்று மரியாதையாகச் சொல்கிறார்கள்.

பதில்: நியாயமான கேள்வி. டயல் விஷயத்தில் அந்தப் பெயர் அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஒமேகாவிலும் விலை இறங்கத்தான் செய்யும். டயல் ஓரத்தில், பெரும்பாலும் 3 மணிப் பக்கம், அரத்தால் வெட்டிய சிறு பள்ளம் தெரிந்தால் அது அச்சடிப்பவர் டயலை நேராக வைக்க வெட்டியது. நிமிடக்கோடு மணிக்குறியின் நடுவில் விழாமல் விலகியிருக்கும். இவை எந்த ஊரில் திரும்ப அச்சடித்த டயலிலும் உண்டு.

ஆனால் அந்தப் பெயர் டயலை மட்டும் குறிப்பதில்லை. நான்கு செத்த கடிகாரத்திலிருந்து பிட்டுப் பிட்டாகச் சேர்த்த மிஷின், பிராண்ட் எதுவானாலும் உள்ளே எஃப்.எச்.எஃப். 96 என்ற ஒரே மிஷின், காய்ந்த எண்ணெய், கீ கொடுக்கவும் நேரம் திருத்தவும் உதவும் கீலெஸ் பகுதியில் துரு, மெருகேற்றும் பஃப் போட்டுக் கரைத்த கேஸ்: இதையும் சேர்த்துத்தான். டயலைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யலாம், பிடித்தால் அந்த விலைக்கு வாங்கலாம். துருப்பிடித்த மிஷினை அப்படி வாங்க முடியாது.

பெண்டுலம்: மீசைக்காரர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கட்டிக்கொள்ளத்தானே வாங்குகிறோம், அருங்காட்சியகத்துக்கா?

பதில்: கட்டிக்கொள்ளத்தான். ஓடுகிற மிஷின், நேர்மையான வர்ணனை, அதற்கேற்ற விலை. மூன்றும் இருந்தால் ஆரஞ்சு டயலை நானே பரிந்துரைப்பேன். மூன்றும் சேர்ந்து கிடைப்பதுதான் அபூர்வம்.

அரைமணி: கம்பெனியே மாற்றிக் கொடுத்த டயல்?

பதில்: அது சர்வீஸ் டயல், வேறு கதை. மீசைக்காரரே, இதோடு நிறுத்துவோம்.

தங்கமுலாம்: என் அப்பாவின் வாட்ச் என்ன விலை…

பதில்: மிஷின் படம்.

வெள்ளிமுள்: விற்பவர் டைம்கிராஃபர் (ஓட்டத்தை அளக்கும் கருவி) படம் போட்டிருக்கிறார்: நாளுக்கு +8 நொடி, ஆம்ப்ளிட்யூட் 195, பீட் எரர் 1.6. +8 நல்லதுதானே?

பதில்: +8ஐ, வேகத்தைத் திருத்தும் ரெகுலேட்டரை ஒரு மயிரிழை தள்ளி யாரும் கொண்டுவரலாம். 195தான் பேசுகிறது, பேலன்ஸ் சக்கரம் எத்தனை டிகிரி ஆடுகிறது என்ற கணக்கு அது. முழுதாக முறுக்கி, டயல் மேலே பார்க்க வைத்தால் நல்ல ஸ்விஸ் மிஷின் 270க்கு மேல் காட்ட வேண்டும். பழைய சீக்கோ குறைவாகவே காட்டும், 230 இருந்தால் குறைசொல்ல மாட்டேன். 195 என்றால் காய்ந்த எண்ணெய் அல்லது சோர்ந்த மெயின் ஸ்பிரிங், சில சமயம் தேய்ந்த பிவட் (சக்கர அச்சின் முனை). முதல் இரண்டும் சர்வீஸில் தீரும், மூன்றாவது பாகம் கேட்கும். லிஃப்ட் ஆங்கிள் (ஆம்ப்ளிட்யூடைக் கணக்கிடக் கருவிக்குத் தரும், மிஷினுக்கு மிஷின் மாறும் கோணம்) எவ்வளவு வைத்து எடுத்தார் என்று கேளுங்கள். கருவி தானாக 52 டிகிரி எடுத்துக்கொள்ளும். மிஷினுக்கு வேறு அளவானால் 195 என்ற எண்ணே பொய். பீட் எரர் (டிக், டாக் இடைவெளிகளின் வித்தியாசம்) 1.6 பெரிய நோயல்ல, சர்வீஸ் செய்பவர் சரிசெய்வார்.

கைவண்டி: ரோமர் மிஷின் படம் எடுத்துவிட்டேன். கத்தியால் நெம்பிப் பின்மூடியைத் திறந்தேன், கொஞ்சம் கீறிவிட்டது.

பதில்: எம்.எஸ்.டி. முத்திரை தெளிவாகத் தெரிகிறது. கேஸில் தங்கமுலாம், பட்டை மாட்டும் கொம்பு முனைகளில் பித்தளை எட்டிப்பார்க்கிறது. விற்கப் போனால் பெரிதாக ஒன்றும் வராது. சர்வீஸ் செய்து கட்டிக்கொள்ளுங்கள். அதுவரை கீ கொடுத்து ஓட்ட வேண்டாம். காய்ந்த எண்ணெயில் ஓடினால் பிவட் தேயும். கத்தியை உள்ளே வைத்துவிடுங்கள்.